கணக்கு வகுப்பில் யார் சிரிப்பது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கென்ற சொல்லைக் கண்டதும் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். இதில் எமது பிழை ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

இரண்டு கிழமைக்கு முன்னர் ஏழாந்தர வகுப்பு. பின்னங்களைக் கூட்டும் பாடம். கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதிவிட்டு, கடைசி வாங்கில் இருந்த பிள்ளையை எழுப்பிக் கேட்டோம். அவன் யோசித்து, கொஞ்சம் நம்பிக்கையோடே, "2/5 சேர்" என்றான். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. முன்வாங்கில் ஒருவன் சிரித்தான். பிறகு வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நாமும் சேர்ந்துகொண்டோம். பெரிதாக இல்லை, உதட்டோரத்தில்தான். ஆனால் அவன் அதைக் கண்டுவிட்டான். பேசாமல் இருந்தான். அடுத்த நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம், திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நாலைந்து பெடியன்கள் கிரிக்கெட் கதைத்தார்கள். "போன கிழமை ரெண்டு விளையாடி ஒண்டு வெண்டம். இந்தக் கிழமை மூண்டு விளையாடி ஒண்டு வெண்டம். மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு." எமக்குக் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றுவிட்டது. இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, சேர்த்தால் ஐந்தில் இரண்டு. அந்தப் பிள்ளை சொன்ன அதே 2/5!

அப்படியானால் அந்த விடை முட்டாள்தனமான விடை அல்ல. வேறொரு கேள்விக்கான சரியான விடை. ஒரே பாணில் பாதியையும் மூன்றிலொன்றையும் எடுத்தால் 5/6 பாண். அங்கே முழுமை ஒன்றுதான். கிரிக்கெட்டில் முதற் கிழமையின் முழுமை 2 ஆட்டம், இரண்டாங் கிழமையின் முழுமை 3 ஆட்டம். முழுமைகளே வேறு. எப்போது எந்தக் கூட்டல் என்பதுதான் பின்னப் பாடத்தின் உயிர். அதைச் சொல்லிக்கொடுக்க எமக்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு அந்தப் பிழையான விடை. நாம் அதை எடுத்துச் சிரித்துத் தொலைத்துவிட்டோம்.

இந்தக் கிரிக்கெட் கூட்டலுக்குள் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. முதற் கிழமை நீங்கள் 2 பந்துக்கு 1 தடவை விக்கெட்டைக் குறிபார்த்து எறிந்து விழுத்துகிறீர்கள், நான் 10 பந்துக்கு 4. நீங்கள்தான் திறம்: உங்களுக்கு 50 வீதம், எனக்கு 40. இரண்டாங் கிழமை நீங்கள் 10 பந்துக்கு 1, நான் 2 பந்துக்கு 0. அதிலும் நீங்கள்தான் திறம். இப்போது மொத்தத்தைப் பாருங்கள். உங்களுக்கு 12 இல் 2. எனக்கு 12 இல் 4. இரண்டு கிழமையும் தோற்ற நான் மொத்தத்தில் உங்களைவிட இரண்டு மடங்கு! சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் இதற்குக் கணிதவியலாளர் வைத்த பெயர் சிம்சனின் முரண். 1973 இல் அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு அனுமதி வழங்குவதில் பாகுபாடு இருந்ததா என்று ஆராய்ந்தவர்களும் இதே வேடிக்கைக்குள்தான் போய் மாட்டினார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஆண்களுக்குச் சாதகம். துறைதுறையாகப் பிரித்துப் பார்த்தால் அந்தச் சாதகம் பெரும்பாலும் காணாமற் போய்விட்டது. கடைசி வாங்குப் பிள்ளையின் 2/5 இலிருந்து பேர்க்லி வரைக்கும் ஒரு பாதை இருக்கிறது. சிரித்தவர்களுக்கு அது தெரியவில்லை. சிரித்தவர்களில் ஒருவருக்குக் கணித ஆசிரியர் என்று சம்பளமும் கிடைக்கிறது.

எமக்கு இது ஏன் இவ்வளவு சுட்டது என்றால், அந்த வாங்கில் நாமும் இருந்திருக்கிறோம்.

1990 ஒக்டோபர் 30 ஐ எமது உம்மா வாப்பா மறக்கவில்லை. இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எமதும் ஒன்று. நாம் பிறந்தது அதற்குப் பிறகு, புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். அங்கு நாம் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு கணித ஆசிரியர் எமக்குப் "பூச்சியம்" என்று பட்டம் வைத்தார். வகுப்பு சிரித்தது. இரண்டு வருடம் எமது பெயர் அதுதான். பூச்சியம் எவ்வளவு பெரிய எண், அது இல்லாமல் பத்தையும் நூறையும் எழுதவே முடியாது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், கணக்குப் பாடம் வரும்போது வயிறு வலிக்கும் என்பதுதான்.

எம்மைத் திரும்பக் கணக்குக்குக் கூட்டிவந்தவர் வாப்பா. அவர் தையற்காரர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஒரு நாள் காற்சட்டை இடுப்பைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்: "சுத்தளவில ஆறு கூட்டினா, சுத்திவர ஒண்டு தளரும். மெலிஞ்சவனுக்கும் அதுதான், வண்டி வச்ச முதலாளிக்கும் அதுதான்." நாம் நம்பவில்லை. முதலாளியின் வயிறு எவ்வளவு பெரிது! அவருக்கும் அதே கணக்கா என்று கேட்டோம். வாப்பா சிரித்தார். எம்மைப் பார்த்து அல்ல, முதலாளியின் வயிற்றை நினைத்து. நாமும் சிரித்தோம். அன்று வயிறு வலிக்கவில்லை.

பிறகு பரிதி = 2πr என்று படித்தபோது வாப்பாவின் "ஆறு" என்பது 2π, அதாவது 6.28 என்று விளங்கியது. இதன் பெரிய வடிவத்தை உலகம் முழுக்கக் கேட்டு மகிழ்கிறார்கள். பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி இறுக்கமாக ஒரு கயிறு கட்டுங்கள். ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர். அதோடு வெறும் 1 மீற்றர் கயிற்றை மட்டும் சேர்த்து, எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தூக்குங்கள். எவ்வளவு உயரும்? ஒரு மயிரிழை என்றுதான் மனம் சொல்லும். கணக்கு சொல்வது 16 சென்ரிமீற்றர்! பூனை தாராளமாகப் புகுந்து போகலாம். கால்பந்தைச் சுற்றிய கயிற்றோடு 1 மீற்றரைச் சேர்த்தாலும் அதே 16 சென்ரிமீற்றர்தான். பூமியின் ஆரை கணக்கிலிருந்து வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. வாப்பாவின் முதலாளியும் பூமிப்பந்தும் ஒரே கணக்கு.

ஆக, கணக்கு வகுப்பில் இரண்டு சிரிப்பு இருக்கிறது. ஒன்று பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது. மற்றது பிள்ளையோடு சேர்ந்து கணக்கைப் பார்த்துச் சிரிப்பது. முதலாவது பிள்ளையைத் துரத்தும். இரண்டாவது பிடித்து வைத்திருக்கும். எமது பள்ளிக்கூடங்களில் முதலாவது தாராளமாக இருக்கிறது. இரண்டாவதற்கு நேரமில்லை என்கிறோம்.

பெரிய கணிதவியலாளர்கள் இந்த இரண்டாவது சிரிப்பை ஒருபோதும் விட்டதில்லை. தூரத்தில் தேடவேண்டாம், எமது மண்ணிலேயே ஒருவர் இருந்தார். கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். 1918 இல் பிறந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி போய், கேம்பிறிட்ஜில் போல் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். டிராக் என்றால் 1933 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற அதே டிராக்தான். எமது வகுப்பில் ஐன்ஸ்டீனைத் தெரியுமா என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும். எலியேசரைத் தெரியுமா என்று கேட்டோம். ஒரு கைகூட உயரவில்லை. பரமேஸ்வராச் சந்தியால், பல்கலைக்கழக மதிலோரமாகத் தினமும் நடந்து வருகிற பிள்ளைகள் இவர்கள்.

டிராக் பேச்சுக் குறைந்த மனிதர். கேம்பிறிட்ஜில் அவருடைய சகபாடிகள் பேச்சை அளக்க "டிராக்" என்றொரு அலகையே வேடிக்கையாக உண்டாக்கினார்களாம்: ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு சொல் என்றால் ஒரு டிராக். அவருடைய விரிவுரை ஒன்றில் ஒருவர் எழும்பி, வலப்பக்கத்துச் சமன்பாடு விளங்கவில்லை என்றாராம். டிராக் பேசாமல் நின்றார். தலைமை தாங்கியவர், பதில் சொல்லவில்லையே என்று கேட்க, அது கேள்வியல்ல, ஒரு கூற்று என்றாராம். இன்றைக்கும் பௌதிகவியல் மாணவர்கள் சொல்லிச் சிரிக்கிற கதை.

அந்த டிராக் 1938 இல் இலத்திரனின் இயக்கத்துக்கு ஒரு சமன்பாடு எழுதினார். மின்னேற்றமுள்ள துணிக்கையின் வேகம் மாறும்போது அது கதிர்வீச்சாகச் சக்தியை இழக்கும். அந்த இழப்பு துணிக்கையின் இயக்கத்தையே திரும்பப் பாதிக்கும். அதையும் சேர்த்து எழுதிய சமன்பாடு. அதிலிருந்து விசித்திரமான விடைகள் வந்தன. ஒரு வகை விடையில், விசையே இல்லாதபோதும் இலத்திரன் தானாக வேகம் கூட்டிக்கொண்டு ஓடுகிறது. அதைத் தவிர்த்து மற்ற விடையை எடுத்தால், விசை வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னரே இலத்திரன் அசையத் தொடங்கிவிடுகிறது! எமது ஊர்ப் பாஷையில் சொன்னால், அடி விழ முன்னம் அழுகிற பிள்ளை.

1943 இல், இருபத்தைந்து வயதளவில், எலியேசர் இந்தச் சமன்பாட்டை ஐதரசன் அணுவுக்குப் போட்டுப் பார்த்தார். நடுவில் புரோத்தன், அதை நோக்கி நேர்கோட்டில் ஓர் இலத்திரன். புரோத்தன் இழுக்கிறது. இலத்திரன் போய் விழவேண்டும், இல்லையா? கணக்கு சொன்னது, விழாது. கிட்டப் போய், நின்று, திரும்பி, வரவர வேகம் கூட்டி ஓடித் தப்பும் என்று. இழுக்கிற விசையே துரத்திவிட்டதுபோல. கணித பாடத்துக்கு எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான் வருகிறார்கள். இழுக்க இழுக்க ஓடுகிறார்கள்.

இதில் எமக்குப் பிடித்தது என்னவென்றால், எலியேசர் இந்த விடையைக் கண்டு வெட்கப்பட்டு மறைக்கவில்லை. "பிழையாக வருகிறதே" என்று கிழித்துப் போடவும் இல்லை. கவனமாகச் சரிபார்த்து, சமன்பாட்டின் குணம் இது என்று வெளியிட்டார். விசித்திரமான விடையும் ஒரு செய்திதான். எமது ஏழாந்தரப் பிள்ளை 2/5 என்றபோது நாமும் அதைத்தான் செய்திருக்கவேண்டும். "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், விடை பாதியை விடக் குறைந்துவிட்டதே, பாண் எங்கே போனது?" என்று கேட்டிருந்தால் அவனும் சேர்ந்து சிரித்திருப்பான். சிரித்துக்கொண்டே திருத்தியிருப்பான்.

எலியேசர் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்து, 1959 இல் மலாயாப் பல்கலைக்கழகம் போய், 1968 இல் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கிருந்து 1976 இல் கிறே என்பவரோடு சேர்ந்து எழுதிய ஒரு சிறிய கட்டுரை எமது வீட்டுக் கிணற்றடியை நினைவூட்டும். கயிற்றின் நுனியில் வாளி ஆடுகிறது, நீங்கள் கயிற்றை இழுக்க இழுக்க ஆட்டத்தின் கதியே மாறுகிறது. இப்படி இயல்பு மாறிக்கொண்டே போகிற அலைவுகளிலும் மாறாத கணியம் ஒன்று உண்டு என்று ஏற்கெனவே கண்டிருந்தார்கள். ஆனால் அது என்ன என்று கண்ணால் காணும்படி விளங்கவில்லை. இவர்கள் சொன்னது இதுதான்: கோட்டில் முன்னும் பின்னும் போகிற இந்த ஆட்டத்தை, ஒரு தளத்தில் சுற்றிவருகிற இன்னொரு இயக்கத்தின் நிழல் என்று பாருங்கள். அந்த மாறாத கணியம், அந்தச் சுற்றும் இயக்கத்தின் கோண உந்தம்.

இதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் காட்டிப் பார்த்தோம். கரண்ட் நின்ற நேரம். நூலில் கட்டிய தேசிக்காயை ஒருவர் சுழற்ற, பக்கவாட்டிலிருந்து ரோச் அடித்தோம். சுவரில் நிழல் முன்னும் பின்னும் ஆடியது. ஒரு பிள்ளை சொன்னாள், "சேர், நிழலுக்குத் தான் சுத்துறது தெரியாது." வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்த வசனத்தைவிட நல்ல விளக்கத்தை எம்மால் சொல்லியிருக்க முடியாது.

எமது மார்க்கக் கல்வியிலும் இந்த ரசனை இருந்தது என்பதை முஸ்லிம் உறவுகளுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அட்சரகணிதத்துக்கு "அல்ஜிப்ரா" என்ற பெயர் வரக் காரணமான அல்-குவாரிஸ்மியின் நூலில் பெரும்பகுதி வாரிசுச் சொத்துப் பங்கீட்டுக் கணக்குகள்தாம். அதிலே ஒரு சிக்கல் வரும். சில குடும்பங்களில் பங்குகளைக் கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடும். அலி (ரழி) அவர்கள் மிம்பரில் நிற்கும்போது ஒருவர் கேட்டதாகச் சொல்லப்படும் கணக்கு இது: இறந்தவருக்கு மனைவி, இரண்டு மகள்மார், தாய், தகப்பன். மனைவிக்கு 1/8, மகள்மாருக்கு 2/3, தாய்க்கு 1/6, தகப்பனுக்கு 1/6. இருபத்துநான்கில் எழுதுங்கள்: 3 + 16 + 4 + 4 = 27. சொத்து 24 பங்கு, கேட்பது 27 பங்கு. அவர்கள் பிரசங்கத்தை நிறுத்தாமலே, அவளது எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிட்டது என்ற கருத்தில் விடை சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்களாம். சொத்தை 27 ஆகப் பிரித்தால் மனைவிக்கு 3/27, அதாவது 1/9. மற்ற எல்லாருக்கும் அதே விகிதத்தில் குறையும். யாருக்கும் அநியாயமில்லை. இந்தக் கணக்கை அதன் மிம்பரோடு சேர்த்து மிம்பரிய்யா என்றே அழைக்கிறார்கள்.

எமது வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் இந்துக்கள், சிலர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு இதையே பாணாகச் சொன்னோம். கடையில் ஆறு பாண், கேட்டு வந்தவர்கள் ஏழு பாணுக்கு. என்ன செய்வது? "கடையைப் பூட்டுறது சேர்" என்றது ஒரு குரல். சிரித்து முடிந்ததும் விகிதம் பற்றி இருபது நிமிடம் விவாதித்தார்கள். பாடப்புத்தகத்தை எவரும் திறக்கவில்லை.

இனி எமது சக ஆசிரியர்கள் சொல்லப்போவது தெரியும். "பாடம் நாற்பது நிமிடம், வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளை, பாடத்திட்டம் முடியவேணும், இதுக்குள்ள பகிடி விட நேரமிருக்கோ?" நியாயமான கேள்விதான். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாத பிள்ளைக்கு முன்னால் எத்தனை கதவுகள் சாத்தப்படும் என்பது எமக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறோம். பயந்த பிள்ளை கேள்வி கேட்காது. கேள்வி கேட்காத பிள்ளையின் பிழை எமக்குத் தெரியவராது. தெரியாத பிழையை எப்படித் திருத்துவது? பிள்ளை ரியூசனுக்குப் போய்ப் பத்து வருடத்துக் கடந்தகால வினாத்தாளைச் செய்தாலும் அந்தப் பயம் கூடவே போகும். நிமிடக் கணக்குப் பார்த்தால், ஐந்து நிமிடச் சிரிப்பு மலிவுதான்.

இன்னொன்றும் சொல்வார்கள். கண்டிப்பு இல்லாவிட்டால் வகுப்பு குழம்பிவிடும் என்று. நாம் கண்டிப்பை விடச் சொல்லவில்லை. வீட்டுவேலை செய்யாதவன் செய்துதான் ஆகவேண்டும். வாய்பாடு பாடமாக்கத்தான் வேண்டும். அதை எந்தப் பகிடியும் ஈடுசெய்யாது. நாம் விடச் சொல்வது ஒன்றைத்தான்: பிள்ளையை வகுப்புக்குப் பகிடியாக்குவதை. ஆசிரிய கலாசாலையில் எமக்குக் கற்பித்தல் முறைகள் எத்தனையோ சொல்லித் தந்தார்கள். பாடத் திட்டமிடலில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாவற்றுக்கும் நிரல் இருந்தது. பிள்ளை பிழையாகச் சொன்ன அந்த ஒரு விநாடியில் எமது முகம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நிரல் இருக்கவில்லை. அதை நாம்தான் பழகவேண்டும்.

சரி, அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள்.

அன்று பின்னேரமே வீட்டுக்குப் போனோம். தாய் பயந்துவிட்டார். மகன் ஏதோ குழப்படி செய்துவிட்டான் என்று நினைத்து, "சேர், இவன் என்ன செய்தவன்?" என்று கேட்டார். "அவன் ஒண்டும் செய்யேல்ல அம்மா, நாங்கள்தான் செய்தது" என்றோம். அவனை முற்றத்தில் இருத்தி, கிரிக்கெட் கணக்கைச் சொல்லி, "நீ சொன்ன 2/5 இந்த இடத்தில சரி. நாங்கள் சிரிச்சது பிழை" என்றோம். இந்தக் கணக்கை நினைத்துத்தான் அவன் அப்படிச் சொன்னான் என்ற நம்பிக்கை எமக்குள் வளர்ந்திருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "இல்லை சேர். நான் சும்மா மேலையும் கீழையும் கூட்டினனான்."

எமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்துவிட்டது. தாயும் சிரித்தார்.

மறுநாள் வந்தான். வகுப்புக்கு முன்னால் நாம் மன்னிப்புக் கேட்டோம். பெரிதாக ஒன்றும் பேசவில்லை, இரண்டு வசனம். பிறகு கரும்பலகையின் ஒரு பக்கம் பாண், மறுபக்கம் கிரிக்கெட். இரண்டு கூட்டலையும் பிள்ளைகளே பிரித்துச் சொன்னார்கள். அவன் இன்னும் கணக்கில் கெட்டிக்காரன் ஆகிவிடவில்லை. போன பரீட்சையில் 38 எடுத்தவன் அடுத்ததில் 90 எடுப்பான் என்று நாம் கதைவிட மாட்டோம். ஆனால் நேற்று, பாடம் முடிந்து வெளியே வரும்போது பின்னால் ஓடிவந்து கேட்டான்: "சேர், அந்தப் பூமியைச் சுத்தின கயிறு, சந்திரனுக்குக் கட்டினாலும் பூனை போகுமோ?"

கடைசி வாங்கிலிருந்து அவன் எம்மிடம் கேட்ட முதற் கேள்வி இது. விடையை நாம் சொல்லவில்லை. நாளைக்குக் கயிறும் பந்தும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.

உறவுகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கணக்கு வாத்தியார் உங்களோடு சேர்ந்து சிரித்த ஒரு நாள் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். உங்களைப் பார்த்துச் சிரித்த நாள்தான் நினைவிருக்கிறது என்றால் அதையும் எழுதுங்கள். ஆசிரியரின் பெயர் வேண்டாம். வாசிக்கிற ஆசிரியர்களில் ஒருவராவது நாளைக் காலையில் உதட்டை அடக்கிக்கொண்டால் போதும்.